இவருக்குப் பதில் இவர்

ஆகஸ்ட் 3, திங்கள்

ராத்திரி வெளியே வைத்த இட்லி மாவு பொங்கி மேடை முழுக்க வழிந்திருந்தது. அதைத் துடைத்து, பாத்திரத்தை மாற்றி, குளித்துக் கிளம்புவதற்குள் கார் டிரைவர் விடாமல் ஹார்ன் அடித்து எதிர்வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கிவிட்டார். அந்தத் திட்டில் பாதி எனக்கு.

போரூர் ஷூட்டிங் பங்களாவில் போய் இறங்கினால் உலகநாதன் சார் இல்லை. எனக்கு முன்னால் வந்து, மேக்கப் போட்டுக்கொண்டு, வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர் அவர். அவர் நாற்காலியில் யாரோ விக் பெட்டியை வைத்திருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து இயக்குநர் அருமைநாயகம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், உலகு சார் இனிமே வரமாட்டாரு. படத்துல ஏதோ ரோல் கிடைச்சிருக்காம். போன வாரமே சொல்லிட்டாரு."

போன வாரமே. சனிக்கிழமை மாலை வரைக்கும் அந்த மனுஷர் என் பக்கத்தில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பின்னாளில் படித்தால் எனக்கே மறந்திருக்கும் என்பதால் எழுதி வைக்கிறேன். தொடரின் பெயர் 'வாடகைக்கு வரதராஜன்'. வீடு வீடாக மாறி, ஒவ்வொரு வீட்டு ஓனரிடமும் பொய் சொல்லி மாட்டிக்கொண்டு விழிக்கும் வரதராஜன்தான் உலகநாதன் சார். அவர் மனைவி கோமளம் நான். ஒன்பது வருஷமாக நாங்கள் காலி செய்யாத வீடு சென்னையில் இல்லை. என் சொந்தப் பெயரான வத்சலாவை பேங்க்கில் மட்டும்தான் கூப்பிடுகிறார்கள். வரதராஜன் இல்லாமல் வரதராஜன் தொடரை எப்படி நடத்துவது என்று கேட்டேன். "பார்த்துக்கலாம் மேடம்" என்றார். அவர் அப்படிச் சொன்னால் ஒன்றும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்தால் சம்பந்தம் தன் மருந்துக் கடையிலேயே விஷயத்தைக் கேள்விப்பட்டுவிட்டார். "என்ன, உன் வீட்டுக்காரர் விட்டுட்டுப் போயிட்டாராமே" என்றார். கட்டிய புருஷன் ஒன்பது வருஷமாக அடிக்கும் ஒரே ஜோக் இது, வேறு வேறு சட்டையில். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ரசம் வைத்து, அப்பளம் பொரித்து, படுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

உலகநாதன் சாருக்கு போன் செய்யவில்லை. அவருக்கு போன் செய்து என்ன பிரயோஜனம்.

ஆகஸ்ட் 6, வியாழன்

இரண்டு நாளாக என்னை வைத்தே ஓட்டுகிறார்கள். வரதராஜன் பாத்ரூமில் இருக்கிறான், மாடியில் இருக்கிறான், கடைக்குப் போயிருக்கிறான். மூடிய கதவைப் பார்த்துப் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. கதவு ஒரு நாளும் திருப்பிப் பேசாது என்பதால் வேலை சீக்கிரம் முடிகிறது.

மதியச் சாப்பாட்டில் எல்லாருக்கும் உலகநாதன் சார்தான் தொட்டுக்கொள்ள. ஏறி வந்த ஏணியை எட்டி உதைத்துவிட்டார், சினிமா ஆசை யாரை விட்டது, அறுபது வயசுக்கு மேல் ஹீரோவாகப் போகிறாரா. லைட் போடுகிறவர் முதல் மேனேஜர் வரை ஆளுக்கொரு கருத்து. நானும் சும்மா இருக்கவில்லை. "கூட நடிச்சவகிட்ட சொல்லிட்டுப் போகணும்னு ஒரு மரியாதை இல்லையே" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்காக அவர்கள் தலையாட்டியது பிடித்திருந்தது. அவரைத் திட்டியது பிடிக்கவில்லை.

காஸ்ட்யூம் பார்க்கும் லில்லி என்னுடைய இரண்டு புடவைகளைத் திருப்பிக் கொண்டுவந்து தந்தாள். கோமளத்தின் கல்யாணக் காலத்து ஃப்ளாஷ்பேக் எடுக்கப்போகிறோம், இளவயசு கோமளமாக ஒரு பெண் நடிக்கிறாள் என்று ஜூலையில் வாங்கிப்போன புடவைகள். மேக்கப் டெஸ்ட்டுக்கு வந்த அந்தப் பெண்ணை நானும் பார்த்தேன். நல்ல முகவெட்டு. என்னைப் பார்த்ததும் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அப்புறம் என் கண்ணையே பார்க்கவில்லை. கூச்ச சுபாவம் போல.

"ஃப்ளாஷ்பேக் எல்லாம் கேன்சல்க்கா" என்றாள் லில்லி. நல்லது. அந்தப் புடவை ஒன்றில் காபிக் கறை. ஊற வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 10, திங்கள்

புது வரதராஜன் வந்துவிட்டார். பெயர் செல்வபாரதி. மேடைகளில் பலகுரல் செய்துகொண்டிருந்தவர், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். வந்ததும் "வணக்கம்க்கா" என்றார். "பொண்டாட்டியை அக்கான்னு கூப்பிட்டா வீடு விளங்கிடும்" என்றேன். அதற்கும் "சரிக்கா" என்றார்.

அவர் கதவைத் திறந்து துண்டால் முகத்தைத் துடைத்தபடி உள்ளே வருவதுதான் முதல் காட்சி. அப்படியே படத்தை நிறுத்தி, திரையில் எழுத்துப் போடுவார்கள்: இவருக்குப் பதில் இவர். பார்க்கிறவர்கள் ஒரு நிமிஷம் முணுமுணுத்துவிட்டு அடுத்த நிமிஷம் ஒப்புக்கொண்டுவிடுவார்கள். எத்தனையோ தொடர்களில் மாமியார், மருமகள், கைக்குழந்தை எல்லாரையும் அந்த ஒரு கார்டால் மாற்றியிருக்கிறார்கள். நானே வீட்டில் உட்கார்ந்து, கீரை ஆய்ந்துகொண்டே, அதையெல்லாம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

மானிட்டரில் அந்தக் கார்டைப் போட்டுக் காட்டினார்கள். வசனம் எடுத்துக் கொடுக்கும் கலைச்செல்வி எல்லாருக்கும் கேசரி கொடுத்தாள். எனக்கு சர்க்கரை இருப்பது அவளுக்குத் தெரியும். இருந்தும் கொடுத்தாள், நானும் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 12, புதன்

முழங்கால் வலி. காலையில் கேஸ்காரன் வருவதாகச் சொல்லி வரவில்லை.

செல்வபாரதி நன்றாகத்தான் செய்கிறார். குறை சொல்ல முடியாது என்பதே குறையாக இருக்கிறது. நானும் ஒன்றிரண்டு இடத்தில் நன்றாகச் செய்தேனாம், அருமைநாயகம் சொன்னார். ஒரு வருஷமாக அவர் வாயிலிருந்து இப்படி வந்ததில்லை. முகத்துக்கு நேரே குறை சொல்லவும் மாட்டார். "கோமளத்துக்கு எனர்ஜி பத்தலை, இன்னொன்னு போலாம்" என்று மைக்கில் பொதுவாகச் சொல்லுவார், ஏதோ கோமளம் வேறு ஊரில் இருப்பது போல. என் வரி வந்து நிற்கும்போது எனக்குத்தான் வார்த்தை தட்டும். வயசு, சர்க்கரை, தூக்கமின்மை. டாக்டரிடம் சொன்னதற்கு வைட்டமின் மாத்திரை எழுதினார். சம்பந்தம் கடையில் இருந்தே எடுத்துவந்து கொடுத்தார்.

இரண்டு நாளாக மாத்திரை போடவில்லை, ஆனாலும் தட்டவில்லை.

ஆகஸ்ட் 13, வியாழன்

எழுதத்தான் வேண்டும்.

சாப்பாட்டு மேஜைக் காட்சி. நான் ஒன்று கேட்க வேண்டும், செல்வபாரதி ஒன்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முதல் டேக்கில் அவர் பாதியில் நிறுத்தினார். அடுத்ததிலும் நிறுத்தினார். அதற்கடுத்த டேக்கில் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுக் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நான் பேசப்போறப்பல்லாம் ஏன் என் காலை மிதிக்கிறீங்க?"

யூனிட்டே சிரித்தது. நானும் கூடச் சிரித்திருந்தால் முடிந்திருக்கும். "பழக்கதோஷம்ப்பா, உலகு சாருக்கு இப்படி மிதிச்சாத்தான்..." என்று வாயை விட்டேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். நிறுத்தியதுதான் கெடுத்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

கலைச்செல்விதான் முதலில் பிடித்துக்கொண்டாள். "அதனாலதான் உலகு சார் ப்ராம்ப்டிங் வேணாம் வேணாம்னாரா" என்றாள் மெதுவாக. அப்புறம் என்னைப் பார்த்து, "அவருக்குக் காது கேக்காதா மேடம்?"

நான் இல்லை என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை.

எங்கள் தொழிலில் வசனத்தை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் நின்று கலைச்செல்வி ஒவ்வொரு வரியாகச் சத்தம்போட்டுச் சொல்லுவாள், நாங்கள் அதை வாங்கித் திருப்பிச் சொல்லுவோம். உலகநாதன் சார் மட்டும், "நான் நாடகத்துல இருந்து வந்தவன், எனக்கு எவனும் எடுத்துக் கொடுக்க வேண்டாம்" என்பார். காலையிலேயே பேப்பரை வாங்கி முழுக்க நெட்டுருப் போட்டுவிடுவார். எல்லாரும் அதைப் பெருமையாகப் பேசினார்கள். அவருக்கு எடுத்துக் கொடுப்பது காதில் விழவில்லை என்பது இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் எனக்குத் தெரிந்தது. நான் முதுகைக் காட்டிப் பேசினால் அவர் பேசவில்லை. திரும்பி முகத்தைக் காட்டினால் உடனே பேசினார். அடுத்த டேக்கில் மேஜைக்கு அடியில் அவர் காலை லேசாக மிதித்தேன். சரியான இடத்தில் சரியான வரி வந்து விழுந்தது.

அன்றிலிருந்து அப்படித்தான். உட்கார்ந்திருந்தால் கால், நின்றிருந்தால் தோளில் கிடக்கும் துண்டை ஒரு இழு. கோமளம் துண்டை இழுப்பது பார்க்கிறவர்களுக்குப் பிடித்துப்போய், கல்யாண மண்டபத்தில் குழந்தைகள்கூட என் முன்னால் செய்து காட்டுகின்றன. அவர் வரி முழுவதையும் நானும் மனப்பாடம் செய்துகொள்வேன். எங்கே முடிப்பார், எங்கே மறுபடி மிதிக்க வேண்டும் என்று மனசு அதிலேயே நிற்கும். இதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டால் அவர் அவமானப்படுவார் என்று நினைத்தேன். வீட்டில் சம்பந்தத்திடம்கூடச் சொல்லவில்லை.

காது கேட்காத காமெடி நடிகரை யார் கூப்பிடுவார்கள். இரண்டு வருஷம் பொத்திப் பொத்தி வைத்ததை என் கால் போட்டு உடைத்துவிட்டது.

ஆகஸ்ட் 14, வெள்ளி

சமையல் செய்யவில்லை. ஓட்டல் சாம்பார் சாதம்.

ஆகஸ்ட் 17, திங்கள்

யூட்யூபில் போட்டுவிட்டார்கள். நம் யூனிட்டில்தான் எவனோ சொல்லியிருக்கிறான். 'வரதராஜனுக்குக் காது கேட்காது, பல வருட ரகசியம் அம்பலம்' என்று தலைப்பு. உலகநாதன் சார் திருதிருவென விழிக்கும் காட்சிகளாகப் பொறுக்கி, கீழே அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். அந்த விழிப்புக்காகத்தான் ஊரே அவரைக் கொண்டாடியது. இப்போது அதையே காட்டி ஐயோ பாவம் என்கிறார்கள்.

சாயங்காலம் மேனேஜர் சொன்னார், படக் கம்பெனியில் அவரை நீக்கிவிட்டார்களாம். "லைவ் சவுண்டு படம் மேடம், அங்கேயே பேசுறதைத்தான் பதிவு பண்ணுவாங்க. ரிஸ்க் எடுக்க மாட்டாங்க." சொல்லிவிட்டு, டீ வேண்டுமா என்று கேட்டார்.

சம்பந்தத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. "நேர்ல போய்ப் பாரு" என்றார். எந்த முகத்தோடு போவது.

ஆகஸ்ட் 19, புதன்

லஞ்ச் பிரேக்கில் அருமைநாயகத்தைப் பிடித்தேன். "நீங்க ஒரு வீடியோ போடுங்க. அவருக்குக் காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, இது சும்மா வதந்தின்னு சொல்லுங்க" என்றேன்.

"பொய் சொல்லச் சொல்றீங்களா மேடம்?"

"ஒன்பது வருஷமா உங்க தொடரைத் தோள்ல தூக்கினவருக்கு ஒரு பொய் சொன்னா குறைஞ்சுடுவீங்களா? ஏணியை உதைச்சாருன்னு இங்க எல்லாரும் பேசினப்ப நீங்களும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. தட்டோடு போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அருமைநாயகம் என்னை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். முகம் சிவந்திருந்தது.

"வேற யாரு வேணா பேசலாம் மேடம், நீங்க பேசாதீங்க. அவர் போனதே உங்களுக்காகத்தான்."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்.

"ஜூலையில சேனல்ல முடிவு பண்ணிட்டாங்க. கோமளத்துக்கு டைமிங் போயிடுச்சு, ஆளை மாத்துங்கன்னு. ஃப்ளாஷ்பேக்குன்னு ஒரு பொண்ணு வந்துச்சே, அது ஃப்ளாஷ்பேக் இல்ல. உங்களுக்குப் பதில்தான் அது. கார்டுகூட அடிச்சாச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு நான் முழிச்சுக்கிட்டு இருந்தேன். உலகு சார் எப்படியோ மோப்பம் பிடிச்சுட்டாரு. நேரா வந்து, நான் விலகுறேன், என்னை மாத்திக்கோங்கன்னாரு."

"எதுக்கு?"

"நானும் அதைத்தான் கேட்டேன். சிரிச்சாரு. 'புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் ஒண்ணா மாத்த முடியாதுல்ல. மாத்துனா ஜனங்களுக்குப் பழசுன்னு என்ன மிஞ்சும்? வீடுகூட வாடகை வீடு'ன்னாரு. சேனல்ல வேற வழியில்லாம உங்களை வச்சுக்கிட்டாங்க. சத்தியமா அந்தப் படம்கூட அவர் அதுக்கப்புறம் தேடிக்கிட்டதுதான்."

அந்தப் பெண் ஏன் என் கண்ணைப் பார்க்கவில்லை என்று இப்போது தெரிகிறது. எவ்வளவு மக்கு நான். புடவையைத் துவைத்துக் கஞ்சி போட்டு வேறு வைத்தேன்.

மீதி நாள் முழுக்க நடித்தேன். என்ன நடித்தேன் என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

மேற்கு மாம்பலம். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு தளத்திலும் நின்று, திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். காலுக்கு ஓய்வு கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர் மனைவி சாரதா அக்கா கதவைத் திறந்தார். காபி கொடுத்துவிட்டு, "நீங்க பேசுங்க" என்று அடுப்படிக்குப் போய்விட்டார். உலகநாதன் சார் லுங்கியோடு உட்கார்ந்து நெல்லிக்காய்க்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் தனக்கு நேரெதிரே இழுத்துப் போட்டார். ஒன்பது வருஷத்தில் அவர் இதை மறைக்காமல் செய்தது இதுதான் முதல் தடவை.

"காதுக்கு மெஷின் வாங்கிட்டேன் கோமளம். மாட்டினா மிக்ஸி சத்தம்தான் ஜோரா கேக்குது. மனுஷங்க பேசுறது அப்படியேதான் இருக்கு. கழட்டி வச்சுட்டேன்."

"படம்?"

"போச்சு. அப்புறம் சொல்றோம் சார்னு மெசேஜ் போட்டாங்க. நல்லவேளை. போன்ல சொல்லியிருந்தா இன்னும் அந்த ரோலுக்கு மீசை வளர்த்துக்கிட்டு இருப்பேன்."

"என்னாலதான் சார். வாய் தவறி..."

"ஆமா. உன்னாலதான்."

சேச்சே, அப்படியெல்லாம் இல்லை என்பார் என்று நினைத்திருந்தேன். என்ன பதில் சொல்வது என்று அதற்குத் தகுந்தாற்போலத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அழுதேன். அவர் உப்புத் தடவுவதை நிறுத்தவில்லை. அழுது முடிக்கும்வரை விட்டார்.

"எனக்காக நீங்க ஏன் சார் போனீங்க? நான் கேட்கலையே" என்றேன்.

"எனக்கும் கேக்கலை. அதானே பிரச்சினையே." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். உள்ளே சாரதா அக்காவும் சிரித்தது கேட்டது. அவருக்குக் கேட்டிருக்காது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"என்ன பண்ணியிருப்பேன். நான் விலகியிருப்பேன். உங்களை இருக்கச் சொல்லியிருப்பேன்."

"அதான். ரெண்டு வருஷமா நீ மிதிச்ச பிறகுதான் நான் வாயைத் திறந்தேன். ஒரு தடவையாச்சும் நானா முந்திக்கலாம்னு பார்த்தேன்."

கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரன் மைக்கில் விலை சொல்லிக்கொண்டு போனான். கேட்கவே கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டேன். "சேனல்ல என்னைப் பத்திச் சொன்னது நிஜமா சார்? நான் நல்லா பண்ணலையா?"

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். புரியவில்லை என்று நடிப்பார் என்று எதிர்பார்த்தேன். நடிக்கவில்லை.

"நிஜம்தான். என் வரியைக் காவல் காத்துக் காத்து உன் வரியைக் கோட்டை விட்ட. எனக்கு வெகு நாளாத் தெரியும். உன் காலு இல்லைன்னா எனக்கு வழி இல்ல, அதனால தெரியாத மாதிரி இருந்தேன். நான் பக்கத்துல இருக்கிற வரைக்கும் நீ தேற மாட்ட கோமளம்."

எனக்குக் கோபம் வந்தது. என்னைத் தேற்றுவதற்கு யார் இவரைக் கேட்டார்கள். படத்தையும் விட்டு, தொடரையும் விட்டு, நெல்லிக்காய்க்கு உப்புத் தடவிக்கொண்டு, என் நடிப்பைப் பற்றி எனக்கே பாடம். எழுந்துவிட்டேன். வாசல் வரை போய், செருப்பைத் தேடிக் குனிந்தபடியே நன்றி என்றேன். அவருக்கு முகத்தைக் காட்டிச் சொல்லியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை.

சாரதா அக்கா ஒரு டப்பாவில் நெல்லிக்காய் போட்டுத் தந்தார். பஸ்ஸில் நின்றபடி வந்தேன். யாரோ ஒரு பெண் அடையாளம் கண்டுகொண்டு, "வரதராஜன் நல்லா இருக்காரா?" என்று கேட்டாள். நல்லா இருக்கார் என்றேன்.

ஆகஸ்ட் 24, திங்கள்

காலையில் கேஸ் வந்துவிட்டது.

இன்றைக்கு நீளமான காட்சி. வீட்டு ஓனரிடம் கோமளம் பொரிந்து தள்ள வேண்டும், நடுநடுவே வரதராஜன் உளற வேண்டும், அவனை அடக்கிவிட்டு மறுபடி ஓனரிடம் திரும்ப வேண்டும். முன்பெல்லாம் இப்படி ஒரு காட்சி என்றால் அரை நாள் போய்விடும். கால்களைப் புடவைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மனசு முழுக்க ஒரே குழப்பம். இன்றைக்குச் சொதப்பிவிடுவேன் என்று நினைத்தேன். சொதப்ப வேண்டும் என்றும் நினைத்தேன். சொதப்பினால் அவர் சொன்னது பொய்யாகிவிடும். வயசுதான் காரணம், சர்க்கரைதான் காரணம், அவரோடு சேர்ந்து நடித்ததால் எனக்கு ஒரு குறையும் வரவில்லை என்றாகிவிடும். அவர் திரும்பி வரலாம்.

ஒரே டேக். கலைச்செல்வி எடுத்துக் கொடுப்பதற்கு முன்பே வரிகள் வந்துவிட்டன. கட் சொன்னபிறகும் ஓனராக நடித்தவர் சிரித்துக்கொண்டே இருந்தார். அருமைநாயகம் எழுந்து நின்று கைதட்டினார், எல்லாரும் தட்டினார்கள். "எங்க மேடம் ஒளிச்சு வச்சிருந்தீங்க இதை, இத்தனை நாளா?" என்றார். செல்வபாரதி, "அக்கா, மிரட்டிட்டீங்க" என்றார்.

மேக்கப் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். ஒரு வரியாவது தவறியிருக்கலாம். தவறவில்லை.